தோல்வியிலும் பாடம் கற்ற சதுரங்க வேந்தர்

யானைக்கும் அடி சறுக்கும் என்பது நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற முதுமொழி. வலிமையும் நிதானமும் ஒருங்கே வாய்ந்த யானையே சறுக்கும் என்றால், மனிதராய்ப் பிறந்த நாம் சறுக்குவதில் வியப்பு என்ன இருக்கிறது? ஆயினும், ஒரு துறையில் உலகமே போற்றும் வல்லவர் தோற்றுவிட்டார் என்று கேள்விப்படும்பொழுது நாம் திகைத்துப் போகிறோம். அத்துணைப் பெரியவர் எவ்வாறு தோற்றார் என்று ஒருவரையொருவர் வினவுகிறோம். இவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர், சதுரங்க வேந்தர் ஹொசே ரவுல் கப்பாபிளாங்காவின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தல் நலம்.

சதுரங்கம் பண்டைய இந்தியாவில் தோன்றிய ஆட்டம். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படைகளைக் குறிப்பதே அதன் பெயர். பாரசீகத்திற்கும், அங்கிருந்து அரபு நாடுகளுக்கும், பின்னர் ஐரோப்பாவிற்கும் சென்று அது உலக ஆட்டமாயிற்று. 64 கட்டங்கள் கொண்ட பலகையில் ஒவ்வொருவருக்கும் 16 காய்கள். எதிரியின் அரசர் தப்ப வழியின்றி முற்றுகையிடப்பட்டால் ஆட்டம் முடிந்தது. வெற்றிக்கு ஒரு புள்ளி. இருவரும் வெல்லாமல் சமநிலையில் முடிந்தால் ஆளுக்கு அரைப்புள்ளி. தாயத்தைப் போல உருட்டி விழுவதைக்கொண்டு ஆடும் ஆட்டமன்று இது. இங்கே நற்பேற்றுக்கு வேலை மிகக் குறைவு. சிந்தனைக்கே வேலை மிகுதி. ஆதலால்தான் இதில் வல்லவர் ஒருவர் தோற்கும்பொழுது, அதற்கான காரணத்தை நாம் தேடிக் கண்டறிய முடிகிறது.

பிறப்பும் இளமையும்

மேற்கிந்தியத் தீவுகளுள் பெரியது கியூபா. கரும்புத் தோட்டங்கள் நிறைந்த அத்தீவு அந்நாளில் ஸ்பெயின் நாட்டின் ஆட்சியில் இருந்தது. அதன் தலைநகரான ஹவானாவில் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் கப்பாபிளாங்கா பிறந்தார். அவருடைய தந்தையார் ஸ்பானியப் படையில் ஓர் அதிகாரி. ஓய்வு நேரங்களில் நண்பர்களுடன் சதுரங்கம் ஆடுவது அவர் வழக்கம்.

கப்பாபிளாங்காவுக்கு நான்கு வயதான காலம். தந்தையார் ஆடுவதை அருகில் நின்று அவர் கூர்ந்து நோக்கி வந்தார். எவரும் அவருக்கு ஆட்டத்தைக் கற்றுத் தரவில்லை. ஒருநாள் தந்தையார் குதிரையை விதிக்கு மாறாக நகர்த்திவிட்டார்; எதிரில் இருந்தவரும் அதனைக் கவனிக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் அப்பிழையைச் சுட்டிக் காட்டியவர் நான்கு வயதுக் குழந்தைதான். தந்தையார் வியந்து, மகனைத் தம்முடன் ஆட அமர்த்தினார். மகனே வென்றார். இந்நிகழ்ச்சியைக் கப்பாபிளாங்கா பிற்காலத்தில் தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

குழந்தையின் மூளைக்கு இவ்வாட்டம் சுமையாகிவிடுமோ என்று பெற்றோர் அஞ்சினர். ஆதலால் அவர் அடிக்கடி ஆட அனுமதிக்கப்படவில்லை. எனினும் வளர வளர அவருடைய ஆற்றல் மறைந்திருக்க மறுத்தது. 1901-ஆம் ஆண்டின் இறுதியில், ஏறத்தாழ 13 வயதில், கியூபாவின் வாகையர் ஹுவான் கோர்சோவோடு அவர் தனிப்போட்டி ஆடினார். தொடக்கத்தில் தோல்விகளைக் கண்டாலும் மனந்தளராது ஆடி, இறுதியில் போட்டியை வென்றார். நாடே அச்சிறுவரைப் பாராட்டியது.

ஆனால், மாணவ மணிகளே, இதற்கு அடுத்து நடந்ததைப் பாருங்கள். சில திங்கள் கழித்து, 1902-ஆம் ஆண்டு ஏப்ரலில் நாட்டின் வாகையர் போட்டி நடைபெற்றது. கலந்துகொண்டோர் அறுவர். கப்பாபிளாங்காவுக்குக் கிடைத்ததோ நான்காம் இடம். முன்பு தாம் வென்ற கோர்சோவிடமே இரண்டு ஆட்டங்களிலும் தோற்றார். ஒருமுறை வென்றவர் என்றும் வெல்வார் என்னும் உறுதி எவர்க்கும் இல்லை என்பதை அப்பிஞ்சு வயதிலேயே அவர் அறிய நேர்ந்தது.

அமெரிக்காவில் பெற்ற புகழ்

1906-ஆம் ஆண்டில் கப்பாபிளாங்கா நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயிலச் சேர்ந்தார். படிப்பு நேரம் போக எஞ்சிய பொழுதை மன்ஹாட்டன் சதுரங்கக் கழகத்தில் கழித்தார். அவ்வாண்டில் நடைபெற்ற விரைவாட்டப் போட்டி ஒன்றில், உலக வாகையராய் விளங்கிய இமானுவேல் லாஸ்கரையும் பின்தள்ளி முதலிடம் பெற்றார். 1908-ஆம் ஆண்டில் பல்கலைக்கழகத்தை விட்டு விலகிச் சதுரங்கத்தையே தம் வாழ்வாக ஏற்றார்.

1909-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் தலைசிறந்த ஆட்டக்காரராகிய பிராங்க் மார்ஷலோடு 23 ஆட்டங்கள் கொண்ட தனிப்போட்டி ஆடினார். 8 வெற்றி, 14 சமநிலை, ஒரே ஒரு தோல்வி. 20 வயது இளைஞர் ஒருவர் பெற்ற இவ்வெற்றி சதுரங்க உலகை வியப்பில் ஆழ்த்தியது.

1911-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டின் சான் செபாஸ்தியான் நகரில் பெரும் பன்னாட்டுப் போட்டி ஒன்று நடந்தது. அதில் கப்பாபிளாங்காவைச் சேர்க்கக் கூடாதென்று பெர்ன்ஸ்டைன், நிம்சோவிச் என்னும் ஆட்டக்காரர் இருவர் மறுப்புத் தெரிவித்தனர். இவர் இன்னும் பெரிய போட்டிகளில் தம்மை மெய்ப்பிக்கவில்லை என்பது அவர்கள் வாதம். கப்பாபிளாங்கா வாயால் விடை கூறவில்லை. முதற் சுற்றில் பெர்ன்ஸ்டைனை வென்று, அவ்வாட்டத்திற்கே சிறப்புப் பரிசும் பெற்றார். போட்டி முடிந்தபொழுது முதலிடமும் அவருக்கே கிட்டியது. 1913-ஆம் ஆண்டில் கியூபா அரசாங்கம் அவருக்கு வெளியுறவுத் துறையில் பணி அளித்தது. நாட்டின் பெயரை உலகெங்கும் பரப்புவதே அவருக்கு இடப்பட்ட வேலை.

கைக்கு எட்டியது கைநழுவியது

1914-ஆம் ஆண்டில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் உலகின் சிறந்த ஆட்டக்காரர் பதினொருவர் கூடினர். முதற் கட்டத்தில் கப்பாபிளாங்கா 8 புள்ளிகள் பெற்று முன்னணியில் நின்றார். லாஸ்கர் பெற்றது ஆறரைப் புள்ளி. இறுதிக் கட்டத்திற்கு ஐவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒன்றரைப் புள்ளி முன்னால் நின்ற கப்பாபிளாங்காவே முதற் பரிசு பெறுவார் என்று பலரும் நம்பினர்.

லாஸ்கரோ விடாது துரத்தி வந்தார். இருவருக்கும் இடையே அரைப்புள்ளி வேறுபாடே எஞ்சியிருந்த வேளையில் இருவரும் எதிரெதிரே அமர்ந்தனர். கப்பாபிளாங்காவுக்கு வெற்றி தேவையில்லை. சமநிலை கண்டிருந்தாலே முதலிடத்தில் நீடித்திருப்பார். லாஸ்கருக்கு வெற்றி கட்டாயம் தேவை. இந்நிலையில் லாஸ்கர் மூர்க்கமாகத் தாக்குவார் என்று எவரும் எதிர்பார்ப்பர். அவரோ அமைதியான ஒரு தொடக்கத்தைத் தேர்ந்தெடுத்தார். காய்கள் சில விரைவில் மாற்றிக்கொள்ளப்பட்டன. அபாயம் ஒன்றும் இல்லை என்பதுபோலத் தோன்றும் நிலை அது. கப்பாபிளாங்கா கூர்மையின்றி ஆடினார். லாஸ்கர் ஒவ்வோர் அங்குலமாக இடம் பிடித்தார். முடிவில் கப்பாபிளாங்காவின் காய்கள் அசைய இடமின்றி நெருக்கப்பட்டன. அவர் தோற்றார்.

ஒரு தோல்வி மற்றொன்றையும் கூட்டி வந்தது. அடுத்த ஆட்டத்தில் தாராஷ் என்பவரிடமும் தோற்றார். முதல் அடியின் வலி ஆறுமுன் இரண்டாம் அடி விழுந்தது எனலாம். போட்டி முடிந்தபொழுது லாஸ்கர் பதின்மூன்றரைப் புள்ளி. கப்பாபிளாங்கா 13 புள்ளி. அரைப்புள்ளியால் முதலிடம் கைநழுவியது.

இதில் நாம் காணும் காரணங்கள் இரண்டு. வெல்ல வேண்டும் என்று ஆடுபவரின் ஊக்கமும், இழக்காமல் இருந்தால் போதும் என்று ஆடுபவரின் தயக்கமும் ஒன்றல்ல என்பது ஒன்று. பட்ட தோல்வியை மனத்தினின்று இறக்கி வைக்காமல் அடுத்த வேலைக்குச் செல்வோர் அதிலும் தடுமாறுவர் என்பது மற்றொன்று.

எட்டாண்டுகள் தோல்வியறியா வீரர்

1916-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் நியூயார்க் போட்டி ஒன்றில் கப்பாபிளாங்கா ஓர் ஆட்டத்தை இழந்தார். அதன்பின் எட்டாண்டுக் காலம் அவரை எவராலும் வெல்ல முடியவில்லை! அக்காலத்தில் அவர் ஆடிய முறையான ஆட்டங்கள் 63. அவற்றுள் 40 வெற்றி, 23 சமநிலை.

1921-ஆம் ஆண்டில் உலக வாகையர் பட்டத்திற்கான போட்டி அவருடைய பிறந்த ஊரான ஹவானாவிலேயே நிகழ்ந்தது. 1894-ஆம் ஆண்டு முதல் 27 ஆண்டுகள் அப்பட்டத்தைக் காத்து வந்த லாஸ்கரே அவருக்கு எதிரி. 14 ஆட்டங்கள் முடிந்தபொழுது கப்பாபிளாங்கா 4 ஆட்டங்களை வென்றிருந்தார். எஞ்சிய 10 ஆட்டங்களும் சமநிலை. லாஸ்கரால் ஓர் ஆட்டத்தையும் வெல்ல முடியவில்லை. அவர் போட்டியை விட்டுக் கொடுத்தார். தந்தையின் பக்கத்தில் நின்று ஆட்டம் கற்ற ஹவானாச் சிறுவர் உலக வேந்தரானார்.

1922-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஒரே வேளையில் 103 பேரோடு ஆடிக் காட்டினார். 102 ஆட்டங்களில் வெற்றி, ஒன்றில் சமநிலை. அதே ஆண்டில் லண்டனில் நிகழ்ந்த பெரும்போட்டியிலும் ஓர் ஆட்டமும் இழக்காமல் முதலிடம் பெற்றார். அவர் மனிதரல்லர், சதுரங்கம் ஆடும் இயந்திரம் என்றே மக்கள் பேசலாயினர்.

புதிய வழி கண்ட இளைஞர்

இயந்திரம் என்று புகழப்பட்டவரும் மனிதரே என்பதை 1924-ஆம் ஆண்டு மெய்ப்பித்தது. நியூயார்க் நகரில் அவ்வாண்டு பெரும்போட்டி ஒன்று தொடங்கியது. கப்பாபிளாங்கா சளிக்காய்ச்சலால் உடல் நலங்குன்றியிருந்தார். முதல் நான்கு ஆட்டங்களும் சமநிலையில் முடிந்தன. மார்ச்சு 21-ஆம் நாள் ஐந்தாம் சுற்றில் ரிச்சர்ட் ரேட்டி என்பவரை அவர் சந்தித்தார்.

அந்நாளில் பெரும்பாலோர் நடுக் காலாள்களை முன்னே செலுத்திப் பலகையின் நடுவிடத்தைப் பிடித்துக்கொள்வதையே சரியான தொடக்கம் என்று கருதி வந்தனர். ரேட்டி வேறு வழியைக் கையாண்டார். முதலில் குதிரையை நகர்த்தினார். நடுவிடத்தை எதிரிக்கு விட்டுக்கொடுத்தார். பின்னர் மந்திரியை ஓரத்தில் நிறுத்தித் தொலைவிலிருந்தே நடுவிடத்தைத் தாக்கினார். பழகிய பாதையில் புலியென நடப்பவரும் பழகாத காட்டில் வழி தடுமாறுவர் அல்லரோ? அந்நிலையே கப்பாபிளாங்காவுக்கும் நேர்ந்தது. 31-ஆவது நகர்த்தலோடு அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார். எட்டாண்டுக் காவல் ஒரே நாளில் தகர்ந்தது. நாளிதழ்கள் இதனைப் பெருஞ்செய்தியாக வெளியிட்டன.

இத்தோல்விக்குப் பின் அவர் நடந்துகொண்ட முறையே நாம் போற்றத்தக்கது. பத்தாண்டுகளுக்கு முன் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு தோல்வி மறு தோல்விக்கு வழி வகுத்தது. இம்முறை அவர் அவ்வாறு விடவில்லை. எஞ்சிய 15 ஆட்டங்களில் ஒன்றிலும் அவர் தோற்கவில்லை. லாஸ்கரையும் ஓர் ஆட்டத்தில் வென்றார். அப்போட்டி முழுவதிலும் லாஸ்கர் இழந்த ஒரே ஆட்டம் அதுவே. முடிவில் லாஸ்கர் முதலிடமும் கப்பாபிளாங்கா இரண்டாம் இடமும் பெற்றனர்.

உழைப்பு வென்றது

1927-ஆம் ஆண்டு கப்பாபிளாங்காவின் வாழ்வில் மறக்கவியலாத ஆண்டு. அவ்வாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் நகரில் ஆறு பேர் பங்குகொண்ட போட்டியில் ஓர் ஆட்டமும் தோற்காமல் முதலிடம் பெற்றார். இரண்டாம் இடம் பெற்றவர் ரஷ்யாவில் பிறந்து பிரான்ஸ் நாட்டில் வாழ்ந்த அலெக்சாண்டர் அலெகின். உலகப் பட்டத்திற்கு அடுத்து அறைகூவல் விடுத்தவரும் அவரே. அதுகாறும் அலெகின் கப்பாபிளாங்காவை ஒருமுறைகூட வென்றதில்லை. ஆதலால் வேந்தர் எளிதில் வெல்வார் என்றே உலகம் எண்ணியது.

அலெகின் அவ்வாறு எண்ணவில்லை. கப்பாபிளாங்கா ஆடிய ஆட்டங்களை எல்லாம் திரட்டி, ஒவ்வொரு நகர்த்தலையும் ஆராய்ந்தார். குறையே இல்லாதவர் என்று உலகம் புகழ்ந்தவரிடமும் சிறு சிறு குறைகள் இருப்பதைக் கண்டார். கப்பாபிளாங்கா இயற்கையறிவால் நல்ல நகர்த்தலை நொடியில் காணும் ஆற்றல் பெற்றவர். அதனாலேயே ஆழ்ந்து ஆராயும் உழைப்பை அவர் பெரிதாக மேற்கொள்வதில்லை. எளிதாகக் கிடைத்த வரத்திற்கும் ஒரு விலை உண்டு. வரம் பெறாதவர் இரவு பகலாய் உழைத்து ஒருநாள் அருகில் வந்து நிற்பார்.

செப்டம்பர் 16-ஆம் நாள் அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் ஐரிஸில் போட்டி தொடங்கியது. முதலில் 6 ஆட்டங்களை வெல்பவர்க்கே பட்டம். முதல் ஆட்டத்தையே அலெகின் வென்றார். கப்பாபிளாங்கா 3-ஆவது, 7-ஆவது ஆட்டங்களை வென்று முன்னேறினார். போட்டியின் நடுவே அலெகினுக்குப் பல்நோய் வந்து, பற்கள் சில பிடுங்கப்பட்டன. அந்நிலையிலும் அவர் தளரவில்லை. 11-ஆவது, 12-ஆவது ஆட்டங்களையும், பின்னர் 21-ஆவது ஆட்டத்தையும் கைப்பற்றினார்.

நாள்கள் வாரங்களாயின, வாரங்கள் திங்களாயின. ஆட்டத்திற்குப் பின் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. களைப்பு இருவரையும் வாட்டியது. 27-ஆவது ஆட்டத்தில் வெற்றி கைக்கெட்டும் தொலைவில் இருந்தபொழுது, கப்பாபிளாங்கா தம் அரசரைத் தவறான கட்டத்திற்கு நகர்த்திவிட்டார். வெல்ல வேண்டிய ஆட்டம் சமநிலையில் முடிந்தது. 29-ஆவது ஆட்டத்தை அவர் வென்றார் எனினும், 32-ஆவது ஆட்டம் அலெகினுக்குச் சென்றது. 34-ஆவது ஆட்டம் நள்ளிரவைத் தாண்டாமல் நிறுத்தப்பட்டு மறுநாள் தொடரப்படும் முறையில் பல நாள் நீண்டது. நவம்பர் 29-ஆம் நாள் கப்பாபிளாங்கா ஆட்டத்தைத் தொடர வரவில்லை. தம் தோல்வியை ஒப்புக்கொண்டும், புதிய வேந்தரை வாழ்த்தியும் ஒரு கடிதம் அனுப்பினார். அலெகின் 6, கப்பாபிளாங்கா 3, சமநிலை 25. ஆறாண்டு அரசு முடிவுற்றது.

பட்டத்தை மீட்க மறுபோட்டி வேண்டும் என்று கப்பாபிளாங்கா பல்லாண்டு முயன்றார். உலகப் பட்டப் போட்டிக்கு 10,000 டாலர் பரிசுத்தொகை திரட்டப்பட வேண்டும் என்னும் விதி அவர் வாகையராய் இருந்தபொழுது அவரே வகுத்தது. அவ்விதியே பின்னர் அவருக்குக் குறுக்கே நின்றது. 1929-ஆம் ஆண்டில் உலகெங்கும் பொருளாதாரச் சரிவு ஏற்பட்டது. அத்தகைய தொகையைத் திரட்டுதல் அரிதாயிற்று. மறுபோட்டி இறுதிவரை நடைபெறவே இல்லை.

ஒரு நொடிக் கவனக்குறைவு

புதிய வழி கண்டவரிடம் தோற்பதும், கடுமையாக உழைத்தவரிடம் தோற்பதும் இயல்பே. ஆனால், பள்ளி மாணவரும் செய்யாத பிழையை உலக மேதை செய்தல் கூடுமோ? கூடும். 1929-ஆம் ஆண்டில் செக்கோஸ்லோவாக்கியா நாட்டின் கார்ல்ஸ்பாத் நகரில் 22 பேர் பங்குகொண்ட பெரும்போட்டி நடந்தது. அதில் சேமிஷ் என்பவரோடு கப்பாபிளாங்கா ஆடினார். ஒன்பதாவது நகர்த்தலில் தம் மந்திரியைப் பலகையின் ஓரத்திற்குக் கொண்டு சென்றார். உடனே எதிரியின் அரசி ஒரே நகர்த்தலில் அந்த மந்திரியையும் ஒரு குதிரையையும் சேர்த்துக் குறி வைத்தது. ஒன்றைக் காத்தால் மற்றொன்று போய்விடும். ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே ஒரு காயை அவர் இழந்தார். பின்னர் நெடுநேரம் போராடியும் பயனில்லை.

அப்போட்டியில் நிம்சோவிச் 15 புள்ளிகள் பெற்று முதலிடம் அடைந்தார். கப்பாபிளாங்கா பெற்றது பதினான்கரைப் புள்ளி. அவ்வோர் ஆட்டத்தைச் சமநிலையில் முடித்திருந்தாலும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டிருப்பார். ஆயிரம் நகர்த்தல்கள் செவ்வனே செய்தவரை ஒரே நகர்த்தல் வீழ்த்தியது. ஒரு சதுரங்க ஆட்டம் நான்கைந்து மணி நேரம் நீளும். கடிகாரம் ஒருபுறம் ஓடிக்கொண்டே இருக்கும். குறித்த நேரத்திற்குள் குறித்த எண்ணிக்கை நகர்த்தல்களை முடித்தாக வேண்டும். அத்தனை நேரமும் உள்ளத்தை ஒருமுகப்படுத்துதல் எத்துணைப் பெரியவர்க்கும் அரிய செயலே. அறிவு குறைந்ததால் வருவதன்று இப்பிழை. கண் பார்த்ததை மனம் ஒரு கணம் பார்க்கத் தவறுவதால் வருவது.

மீண்டும் எழுந்த மாவீரர்

1931-ஆம் ஆண்டில், பின்னாளில் உலக வாகையரான மாக்ஸ் யூவேயை ஒரு தனிப்போட்டியில் தோல்வியின்றி வென்றார். அதன்பின் சில ஆண்டுகள் பெரும்போட்டிகளினின்றும் விலகியிருந்தார். அவர் காலம் முடிந்துவிட்டது என்று பலர் கருதினர். 1934-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் மீண்டும் களம் இறங்கினார். முதலில் நான்காம் இடங்களே கிடைத்தன. இளைஞர்கள் முந்திச் சென்றனர். அவர் பொறுமையோடு ஆடினார்.

1936-ஆம் ஆண்டில் அப்பொறுமைக்குப் பயன் கிட்டியது. 47 வயதில் மாஸ்கோ நகரில் 18 ஆட்டங்கள் ஆடி ஒன்றிலும் தோற்காமல் முதற் பரிசு பெற்றார். அதே ஆண்டு இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் இளைஞர் போட்வின்னிக்குடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். 1927-க்குப் பின் முதன்முறையாக அலெகினோடு ஆடும் வாய்ப்பும் அங்கே வாய்த்தது. ஒன்பதாண்டுகள் காத்திருந்த கப்பாபிளாங்கா அவ்வாட்டத்தை வென்றார். பட்டம் திரும்பவில்லை, மனநிறைவு திரும்பியது.

உடல் தளர்ந்தது, புகழ் தளரவில்லை

இதற்கிடையில் உயர் இரத்த அழுத்தம் அவரை வாட்டத் தொடங்கியது. 1938-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டில் உலகின் சிறந்த எண்மர் மோதிய போட்டி நடந்தது. ஆட்டங்கள் ஊர் ஊராய் மாறி மாறி நடந்தன. இளையவர் தாங்கிய அலைச்சலை நோயுற்ற உடல் தாங்கவில்லை. நவம்பர் 19-ஆம் நாள், தம் ஐம்பதாம் பிறந்த நாளன்றே, அலெகினிடம் தோற்றார். எண்மருள் அவருக்குக் கிடைத்தது ஏழாம் இடம். அறிவு அதே அறிவுதான். அதைத் தாங்கும் உடல்தான் தளர்ந்துவிட்டது. அமர்ந்து ஆடும் ஆட்டத்திற்கு உடல் வலிமை எதற்கு என்று எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும்.

எனினும் அடுத்த ஆண்டே, 1939-இல், புவெனஸ் ஐரிஸில் நடந்த உலக நாடுகளின் குழுப்போட்டியில் கியூபாவின் முதல் பலகையில் அமர்ந்து, ஓர் ஆட்டமும் இழக்காமல், முதல் பலகைக்குரிய தங்கப் பதக்கம் வென்றார். பன்னிரண்டாண்டுகளுக்கு முன் பட்டத்தை இழந்த அதே நகரில் அவர் பெற்ற கடைசிப் பெருஞ்சிறப்பு அது.

1942-ஆம் ஆண்டு மார்ச்சு 7-ஆம் நாள் மாலை, இளமையில் பழகிய மன்ஹாட்டன் சதுரங்கக் கழகத்தில் பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபொழுது கப்பாபிளாங்கா மயங்கி விழுந்தார். மறுநாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 53. அவருடைய உடல் ஹவானாவிற்குக் கொண்டு செல்லப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. 1962-ஆம் ஆண்டு முதல் கியூபாவில் அவர் நினைவாகப் பன்னாட்டுச் சதுரங்கப் போட்டிகள் நடத்தப்பட்டு வருகின்றன.

அவர் வாழ்வு புகட்டும் பாடம்

வளர்ந்தபின் தம் வாழ்நாள் முழுவதும் கப்பாபிளாங்கா இழந்த முறையான ஆட்டங்கள் ஐம்பதைக்கூட எட்டவில்லை. ஆயினும் அச்சில தோல்விகளையே இங்கு விரித்துரைத்தோம். ஏனெனில், அவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. கையில் இருப்பதைக் காத்தால் போதும் என்னும் தயக்கம், முன் பட்ட அடியின் கலக்கம், எதிர்பாராத புதுமை, எதிரியின் அயராத உழைப்பு, ஒரு நொடிக் கவனக்குறைவு, உடல் நலக்குறைவு. இவை மேதையையும் விடுவதில்லை, நம்மையும் விடுவதில்லை.

அவர் 1920-ஆம் ஆண்டில், அஃதாவது உலகப் பட்டம் பெறுவதற்கு முன்னரே, தம் சதுரங்க வாழ்க்கையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தம்மை எவரும் வெல்ல முடியாது என்னும் எண்ணம் எழுந்த வேளைகளில் எல்லாம் ஒரு தோல்வி வந்து தம்மைத் தெளிவித்தது என்றும், வெற்றிகளைக் காட்டிலும் தோல்விகளே தமக்கு மிகுதியாகக் கற்பித்தன என்றும் அதில் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். 1921-ஆம் ஆண்டில் இளையோர்க்குப் பாடநூலாக அவர் வெளியிட்ட மற்றொரு நூலில், தாம் வென்ற ஆட்டங்களோடு தாம் தோற்ற ஆட்டங்கள் சிலவற்றையும் சேர்த்து, எங்கே பிழை நேர்ந்தது என்று விளக்கினார். உலகின் முதல் ஆட்டக்காரர் தம் பிழையைத் தாமே எடுத்துக் காட்டி அதைப் பிறர்க்குப் பாடமாக்கினார் என்றால், அவருடைய பெருந்தன்மையை என்னென்பது!

மாணவ மணிகளே! தேர்வில் ஒரு வினாவுக்குத் தவறான விடை எழுதிவிட்டால், அத்தாளை மூலையில் எறிந்துவிடாதீர்கள். தவறு எங்கே நேர்ந்தது என்று எடுத்துப் பாருங்கள். வினாவைச் சரியாகப் படிக்காததாலா? முதல் நாள் உறங்காததாலா? தெரியும் என்று எண்ணிப் படிக்காமல் விட்டதாலா? காரணம் தெரிந்துவிட்டால் தோல்வியில் பாதி வெற்றியாகிவிடும். ஓட்டப் பந்தயத்தில் பின்தங்கியவரும், வகுப்பில் இடம் குறைந்தவரும் அடுத்த முறை களத்திற்கு வராமல் இருந்துவிடலாகாது. 1924-இல் ரேட்டியிடம் தோற்ற வேந்தர் அடுத்த சுற்றுக்கு வந்து அமர்ந்தார் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பெற்றோர்களே! பிள்ளைகள் மதிப்பெண் குறைந்து வீடு திரும்பும் நாளில் சினம் கொள்ளாதீர்கள். விடைத்தாளை விரித்து வைத்து, அவர்களோடு அமர்ந்து, பிழை எங்கே என்று சேர்ந்து தேடுங்கள். உழைத்துக் களைத்து வரும் மாலைப் பொழுதில் அதற்குச் சிறிது நேரம் ஒதுக்குதல் பெருஞ்செல்வம் சேர்ப்பதற்கு ஒப்பாகும்.

யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கிய யானை அதே இடத்தில் கிடந்துவிடுவதில்லை; எழுந்து, அடுத்த அடியை ஊன்றிப் பார்த்து வைக்கிறது. அவ்வாறே நாமும் நடப்போமாக!